சாயம் ஏற்றும் அறைக்கு முன்னால் ஹஃபீசா

ஹஃபீசாவுக்குக் கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவாள்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் மதரஸாவுக்கு மட்டும் விடாமல் போனவள் அவள். அங்கே ஓதிக் கொடுத்த உஸ்தாது, நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார்ந்துவிடு, அப்படியும் போகவில்லையென்றால் படுத்துக்கொள், கை முகம் கால் கழுவி ஒளு செய், தண்ணீர் பட்டால் நெருப்பு அணையும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் அதை மறந்துவிட்டார்கள். இவள் மறக்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன் இவர்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவில் போய் ஊற்றினால், மற்றப் பெண்கள் ஓடிப்போய்க் கத்துவார்கள். ஹஃபீசா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். உதடு மட்டும் அசையும். கொஞ்ச நேரத்தில் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். "பாய் வூட்டம்மா குந்திக்கிச்சுன்னா கோவமா கீதுன்னு அர்த்தம்" என்று இரும்புலியூரில் அவள் தெருவே சிரிக்கும்.

அப்படி உட்கார்ந்ததும் இறங்கிப் போகிற கோபம்தான் அவளுடையது. ஒரு தடவை மட்டும் இறங்கவில்லை.

அவள் புருஷன் ஹனீஃபாவுக்குப் பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி சீட் கவர் கடை. கார், ஆட்டோ, பைக் எல்லாவற்றுக்கும் ரெக்சின் வெட்டித் தைப்பார். வண்டிக்குப் பின்னால் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரும் வெட்டிக் கொடுப்பார். மறைமலை நகர் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் பைக்கில் பேர் எழுத அவரிடம்தான் வருவார்கள். வீட்டில் ஹஃபீசா ஓரம் அடித்துக் கொடுப்பாள். இரண்டு தையல் மெஷின், ஒரு வருமானம், குறையில்லாத ஐந்து வேளைத் தொழுகை. குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஹனீஃபாவுக்குச் சர்க்கரை நோய் ரொம்ப நாளாக உண்டு. வலது கண் போன வருஷமே புகை மூட்டமாகிவிட்டது. "அது கிடக்கட்டும், இடது கண்ணு நமக்குப் போதும்" என்று சொல்லி இடது கண்ணை வைத்தே ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணிலும் எழுத்து கோணிக்கொண்டு தெரிய ஆரம்பித்ததும்தான் ஹஃபீசா அவரை இழுத்துக்கொண்டு மேடவாக்கம் பக்கத்தில் இருக்கிற பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தினகரன் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை காலையில ஒரு படம் எடுத்துடலாம். திங்கட்கிழமை இடது கண்ணுக்கு லேசர் வெச்சிடலாம். தள்ளிப் போடக் கூடாது பாய்" என்றார்.

வெள்ளிக்கிழமை போனார்கள். காத்திருக்கிற கூடத்தில் பெரிய டி.வி. அதில் அதே டாக்டர் தினகரன் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் பேசிக்கொண்டிருந்தார். ஒளிர்கிற பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். காட்டாங்குளத்தூர் காலேஜ்காரர்களோடு சேர்ந்து செய்கிறாராம். சில பொருள்கள் நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுப் பச்சை வெளிச்சமாகத் துப்பும் என்றார். கடலில் ஒரு ஜெல்லி மீன் அப்படி ஒளிரும் என்று படம் காட்டினார். கேன்சர் செல்லில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு மின்னுகிற சாயம் வந்திருக்கிறது, எங்கே வெட்ட வேண்டும் என்று ஆபரேஷன் செய்கிறவருக்கு அதுவே காட்டிக் கொடுக்கும் என்றார். தண்ணீரில் விஷம் கலந்திருந்தால் நிறம் மாறிச் சொல்லிவிடுகிற காகிதத்தையும் காட்டினார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

ஹனீஃபா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "நம்ம ரேடியம் ஸ்டிக்கர் மாதிரிதான் ஹஃபீசா. உடம்புக்குள்ள ஒட்டுறாங்க போல. சுப்ஹானல்லாஹ், எவ்வளவு அறிவைக் கொடுத்திருக்கான் பாரு" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். கையில் ஊசி போட்டவன் "கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னான். கண்ணைப் படம் பிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போதே அவர் கழுத்து மஞ்சளாகத் தெரிந்தது. ஆட்டோவின் மஞ்சள் படுதா வழியாக வெயில் விழுகிறது என்று ஹஃபீசா நினைத்துக்கொண்டாள். ஜும்மா தப்பக் கூடாது என்று அவர் வீட்டுக்குக்கூட வராமல் நேராகப் பள்ளிவாசலில் இறங்கிக்கொண்டார்.

தொழுகை முடிந்ததும் அவர் தம்பி சாஜித் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, அண்ணனைப் பாருங்க. பள்ளில அத்தனை பேரும் பயந்துட்டாங்க."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முகம், காது, நெஞ்சு எல்லாம் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். ஹனீஃபா தம்பிக்குக் கேட்காமல் அவளைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய்ச் சொன்னார். "ஒளு செய்யப் போனேன் ஹஃபீசா. மூத்திரம் ரேடியம் கலர்ல போகுது."

"யா அல்லாஹ்" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊசி போட்டாங்களே, அதனால இருக்குமோ?" என்றார் ஹனீஃபா.

சாஜித்துக்கு அது காதில் விழுந்துவிட்டது. "ஊசி போட்டது கண்ணைப் படம் எடுக்கறதுக்கு. ஈரலுக்கும் கண்ணுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? இது மஞ்சக் காமாலை. முத்திப் போச்சு. பச்சையா மூத்திரம் போனா ரொம்ப மோசம்னு சொல்வாங்க. காலைல மொத வேலையா முடிச்சூர் போலாம்."

அந்தப் பக்கத்தில் காமாலை என்றால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். முடிச்சூர் துளசிங்கம் வீட்டுக்குத்தான் போவார்கள். ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது நிலமெல்லாம் வாடகைக் கடைகள். ஆனாலும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற வேலையை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை காலையில் வாசலில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். காசு வாங்க மாட்டார்.

"இன்னா பாய், மூஞ்சி மஞ்சக் கெழங்கு மாரி கீது?" என்றார் துளசிங்கம், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து. "பயப்படாதே. மூணு வேளை குடிக்கணும். ஏழு நாளு பத்தியம். உப்பு கூடாது, எண்ணெ கூடாது, வெயில்ல அலையக் கூடாது. முக்கியமா இங்கிலீஷ் மருந்து ஒண்ணும் உள்ள போவக் கூடாது. ரெண்டும் சேந்தா ஈரல் தாங்காது."

"சர்க்கரை மாத்திரை?" என்று கேட்டாள் ஹஃபீசா.

"அதுவும் இங்கிலீஷ் மருந்துதானேம்மா?"

மோரில் கலக்கிய பச்சை உருண்டையைச் சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் குடித்தார். மாலை அஸர் தொழுகைக்குள் முகத்தில் இருந்த மஞ்சள் போன இடம் தெரியவில்லை. மறுநாள் மூத்திரமும் தெளிந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. சாஜித் தன் பைக்கிலேயே போய்த் துளசிங்கத்துக்குப் பழம் கொடுத்துவிட்டு வந்தான். "ஒரே வேளைல எறங்கிடுச்சு பாத்தியா? ஆனா வேர் உள்ளதான் நிக்கும், பத்தியத்தை முறிச்சுடாதே" என்று சொல்லியனுப்பினார் துளசிங்கம். ஹஃபீசா தொழுகை விரிப்பை விரித்து, நன்றி சொல்லி இரண்டு ரக்அத் சுக்ரு தொழுதாள். நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் அழுதாள். சர்க்கரை மாத்திரை டப்பாவைத் தன் கையாலேயே எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ததும் அவள்தான். "இன்னைக்கு லேசருக்கு வர முடியாதும்மா. அவருக்கு மஞ்சக் காமாலை கண்டிருக்கு."

"ஓகே மேடம், டேட் மாத்திடறேன். டேக் ரெஸ்ட்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். எப்போது கண்டது என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊசி போட்டவர்தானே என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டது.

பத்தியம் முடிகிற நேரத்தில் ஹனீஃபா வீட்டிலிருந்தே ஒரு ஆட்டோ சீட்டுக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"ஹஃபீசா, லைட்டைப் போடு."

"போட்டுத்தாங்க இருக்கு."

"இடது கண்ணுல கறுப்பா மை ஊத்தின மாதிரி இறங்குது ஹஃபீசா."

பத்தியமாவது ஒன்றாவது என்று அவள் அப்படியே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் தினகரன் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார். படத்தில் சாயம் ஒழுகிக் காட்டிய அதே இடத்தில்தான் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. ரத்தத்துக்குள் லேசர் போகாது. தானாக வடிய வேண்டும், வடியாவிட்டால் ஆபரேஷன். எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. வலது கண்ணையாவது காப்பாற்ற அதற்கு இன்றைக்கே லேசர் வைத்துவிடலாம். "திங்கட்கிழமையே வந்திருக்கணும். ஏன் வரலை?" என்று அவசரமாகக் கேட்டார். பதில் வருவதற்குள் வேறு அறையிலிருந்து கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

ஹனீஃபாவை லேசர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹஃபீசா வெளியே நின்றாள். அந்தப் பக்கமாக வந்த தீபாவைப் பிடித்துக்கொண்டாள். தீபா, சாயம் ஏற்றிப் படம் எடுக்கிற அறையில் வேலை செய்கிற பெண். வெள்ளிக்கிழமை இவரை உள்ளே கூப்பிட்டதும் அவள்தான்.

"ஏம்மா, அவருக்கு மஞ்சக் காமாலை வந்துச்சும்மா. நாட்டு மருந்து குடுத்துப் பத்தியத்துல வெச்சிருந்தோம். அதனாலதான் திங்கட்கிழமை வர முடியல. டாக்டர்கிட்ட கொஞ்சம் சொல்லும்மா."

"காமாலையா? எப்ப?"

"வெள்ளிக்கிழமை. இங்கேருந்து போனதுமே. உடம்பெல்லாம் மஞ்சள். மூத்திரம்கூடப் பச்சையா..."

தீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அது காமாலை இல்லைம்மா. அது டை! ஊசில ஏத்தினோம்ல, அந்தச் சாயம்தான். எல்லாருக்குமே மஞ்சளா ஆகும். ஒரு நாள்ல போயிடும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதே."

"கவுன்சலிங்ல சொல்லியிருப்பாங்களே?"

"சொல்லலையே."

"ஊசி போட்டவர் சொல்லியிருப்பார்."

"குமட்டும்னு சொன்னாராம்."

தீபா பக்கத்து மேஜைப் பெண்ணைப் பார்த்தாள். "ஏய், டையைப் போய்க் காமாலைன்னு நினைச்சு நாட்டு மருந்து சாப்பிட்டிருக்காங்கடி!" அந்தப் பெண்ணும் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. தெரியாதவர்களைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிரிக்கிற சாதாரணச் சிரிப்புதான். அதுதான் ஹஃபீசாவுக்குத் தாங்க முடியவில்லை.

அவளுக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. ஆட்டோவில் பார்த்த மஞ்சள் வெயில் இல்லை. துளசிங்கத்தின் மருந்தில் இறங்கியது காமாலை இல்லை. அவள் அலமாரியில் எடுத்து வைத்த மாத்திரை, அவள் கையாலேயே தள்ளிப்போட்ட லேசர், அழுது தொழுத சுக்ரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. "மஞ்சளாகும், பயப்படாதே" என்று இத்தனூண்டு வார்த்தை. அதைச் சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இவர், இவர் சொல்லியிருப்பார் என்று அவர்.

உஸ்தாது சொன்ன அந்த நெருப்பு மூண்டது. அந்தப் பெண்ணைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்துவிடுவோமோ என்று அவளுக்குத் தன் கையை நினைத்தே பயமாக இருந்தது. உடனே உட்கார்ந்தாள். சாயம் ஏற்றும் அறைக் கதவுக்கு நேர் எதிரே, வெறும் தரையில், சம்மணம் போட்டு.

"அம்மா, எந்திரிங்க. சேர்ல உட்காருங்க" என்றாள் தீபா. சிரிப்பு போய்விட்டது.

ஹஃபீசா உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள்.

காவலுக்கு நிற்கிற மாரி ஓடிவந்தான். "இன்னாம்மா, இங்க குந்திகினே? பேஷண்ட் போற வழிம்மா இது."

"எனக்குக் கோவம் வந்திருக்கு தம்பி. இறங்கட்டும். எந்திரிச்சுடறேன்."

"எப்ப எறங்கும்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

மாரி தலையைச் சொறிந்துகொண்டு வாக்கி டாக்கியில் சொன்னான். "மேடம், ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல ஒரு அம்மா தர்ணா பண்ணுது. ஆமா மேடம், ஒரே ஆளுதான். இல்ல மேடம், கத்தல. குந்திகினு மந்திரம் சொல்லுது."

அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன சத்தம் என்று தலையைத் திருப்பினார்கள். டாக்டர் தினகரன் வந்தார். தீபா தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது. ஆனாலும் முதலில் பழைய பேச்சுத்தான் வந்தது.

"அம்மா, அந்த ஃப்ளோரசீன் ரொம்பப் பாதுகாப்பான சாயம்மா. எத்தனையோ வருஷமா உலகம் பூரா யூஸ் பண்றாங்க. ரத்தத்துல கலந்து, ரத்தக்குழாய் எங்க ஒழுகுதுன்னு காட்டும். அது இல்லாம நாங்க..."

"டாக்டர்" என்றாள் ஹஃபீசா. குரல் உயரவில்லை. "சாயத்தை நான் குறை சொல்லலை. நல்ல சாயம்தான். எங்க ஒழுகுதுன்னு அது காட்டிக் குடுத்துச்சு. அது சொல்லிச்சு, நீங்கதான் சொல்லல. உங்க டி.வி.ல ஜெல்லி மீனைப் பத்திச் சொன்னீங்க. கேன்சரைப் பத்திச் சொன்னீங்க. தண்ணில இருக்கிற விஷத்தைப் பத்திச் சொன்னீங்க. என் புருஷன் வாயைப் பொளந்துகினு கேட்டாரு, அறிவைக் குடுத்த அல்லாஹ்வைப் புகழ்ந்தாரு. என் புருஷன் மூத்திரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

"நீங்க நாட்டு மருந்துக்குப் போகாம இங்க வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர்.

"வந்தேனே. போன்ல வந்தேன். காமாலைன்னு சொன்னேன். ரெஸ்ட் எடுங்கன்னு வெச்சுட்டாங்க. முடிச்சூர்க்காரர் இமையை இழுத்துப் பார்த்து, இதைத் தின்னு, இதைத் தின்னாதே, சர்க்கரை மாத்திரையை நிறுத்துன்னு உட்காரவெச்சுச் சொன்னாரு. அவர் சொன்னது தப்பா இருக்கலாம். ஆனா சொன்னாரு. அதான் அவர் பேச்சைக் கேட்டோம். நீங்க சொல்லியிருந்தா உங்க பேச்சைக் கேட்டிருப்போம்."

டாக்டர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். தீபாவிடம், "பெரிசா ஒரு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுங்க, தமிழ்ல" என்றார்.

"நோட்டீஸா?" ஹஃபீசாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "கண்ணு தெரியாதவங்க வர்ற ஆஸ்பத்திரி டாக்டர் இது! யாரு படிப்பாங்க? வாயில்லையா உங்களுக்கெல்லாம்? அந்த இடது கண்ணு எனக்குத் திரும்பக் கிடைக்குமான்னு கேட்டா பதில் சொல்ல முடியல உங்களால. இதையாவது வாயால சொல்லுங்க. ஒருத்தர் விடாம. நான் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

அடுத்ததாகப் படம் எடுக்க வேண்டியவர் தாயாரம்மாள் என்று ஒரு வயதான அம்மாள். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஊசி போட வேண்டிய கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "ஏம்மா பொண்ணு, நானும் மஞ்சளா ஆவேனா?"

தீபா டாக்டரைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த ஹஃபீசாவைப் பார்த்தாள். மளமளவென்று எதையோ சொல்ல ஆரம்பித்தாள்.

"மெதுவா" என்றாள் ஹஃபீசா.

தீபா நிறுத்தினாள். தாயாரம்மாளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அம்மா, இந்த ஊசில மஞ்சச் சாயம் இருக்கு. உடம்பெல்லாம் மஞ்சளா ஆகும். மூத்திரமும் மஞ்சளா, பச்சையாப் போகும். நாளைக்குள்ள தானா போயிடும். காமாலை இல்லை. காமாலைக்குன்னு மருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க."

"வூட்டுல மருமவகிட்டயும் சொல்லிடும்மா. அவ சும்மாவே ஊரைக் கூட்டிடுவா" என்றார் தாயாரம்மாள்.

கீழ்த்தளத்தில் நின்றிருந்த மருமகளைக் கூப்பிட்டுத் தீபா அவளுக்கும் ஒரு முறை சொன்னாள். டாக்டர் தினகரன் அங்கேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

லேசர் அறைக் கதவு திறந்தது. ஹனீஃபா வெளியே வந்தார். வலது கண்ணில் லேசர் வெளிச்சத்தின் கூச்சம் போகவில்லை, இடது கண்ணில் இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஹஃபீசா?"

"இங்க இருக்கேங்க."

குரல் கீழேயிருந்து வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டித் துழாவி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அவள் சொன்னாள். காமாலை இல்லை என்று சொன்னாள். சாயம் என்று சொன்னாள்.

"அப்ப நான் ரேடியம்னு சொன்னது சரிதான்" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. எந்திரி. இன்னும் இறங்கலையா?"

"இல்லைங்க."

"ஒளு செஞ்சா இறங்கும்."

"செய்யறேன். தொழுதுட்டும் பார்க்கறேன்." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெக்சினும் கத்தரிக்கோலும் காய்ப்பு ஏற்றிய கை. "உங்களுக்கு இந்தக் கண்ணு தெளியற வரைக்கும் இங்கதானே வரணும்? வர்றபோதெல்லாம் இங்கதான் உட்காருவேன்."

உள்ளே தீபா அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஹஃபீசா எழுந்திருக்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.